வந்து போகும் மெஷின்கள்: ஸ்லர்மா, காண்டரா?

கோத்தகிரியில் எங்கள் அலுவலகம் மாடியில். நேர் கீழே ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையம். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை பிள்ளைகள் அங்கே டைப்பிங்கும் பைத்தானும் படிப்பார்கள். அதற்குப் பிறகு அங்கே இருக்கும் பத்து டெஸ்க்டாப்பும் மறுநாள் காலைவரை சும்மா கிடக்கும். மாடியில் நாங்களோ நான்கு மெஷினை வைத்துக்கொண்டு இரவெல்லாம் திணறிக்கொண்டிருந்தோம்.

தேயிலைத் தோட்டங்களை ட்ரோனில் படமெடுத்து, அந்தப் படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்கிக் கொடுப்பது எங்கள் தொழில். மலையில் ட்ரோன் பறக்கக் காலை நேரம்தான் வசதி. பத்து மணி தாண்டினால் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிடும். அப்புறம் கேமராவுக்குத் தெரிவதெல்லாம் வெள்ளைத் துணிதான். மதியம் படங்கள் வந்து சேரும். மறுநாள் மாலைக்குள் தோட்டத்து மேனேஜர் கையில் வரைபடம் இருக்க வேண்டும். நடுவில் கிடைப்பது ஒரே ஓர் இரவு. ஒரு தோட்டத்தை முப்பது துண்டாகப் பிரிப்போம். துண்டு ஒன்று 2 ஜிபி படம், ஒரு டெஸ்க்டாப்பில் ஒன்றரை மணி நேர வேலை. நான்கு மெஷினில் போட்டால் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே நாளில் இரண்டு தோட்டம் வந்துவிட்டால் கதை கந்தல். பதினான்கு மெஷின் இருந்தால் ஒரு தோட்டம் நாலரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கீழே போய்ப் பயிற்சி மையம் நடத்தும் அக்காவிடம் கேட்டேன். "ராத்திரி எடுத்துக்கோங்க தம்பி. கரண்ட் பில்லுல பாதி உங்களுது. ஆனா காலைல ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்துட்டா, அந்த மெஷின் அந்தப் பிள்ளையோடது. அதுல எனக்குப் பேச்சே வேணாம்" என்றார். லைசென்ஸ் செலவுக்கு அஞ்சி எல்லாவற்றிலும் இலவசமான உபுண்டு லினக்ஸ் போட்டு வைத்திருந்தார், அது எங்கள் அதிர்ஷ்டம்.

அக்கா சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்கே அடிப்படை என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பல மெஷின்களுக்கு வேலைகளை (இவர்கள் மொழியில் ஜாப்) வரிசைப்படுத்திப் பிரித்துக் கொடுக்க ஒரு மென்பொருள் வேண்டும். ஒரு வருடம் ஸ்லர்ம் என்பதை ஓட்டினோம். பிறகு எச்டிகாண்டருக்கு (சுருக்கமாகக் காண்டர்) மாறினோம். அதிலேதான் ஒன்றரை வருடமாக இருக்கிறோம். ஆகவே நான் காண்டர் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விவாதம் வேண்டாத விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். இரண்டுமே இலவசம், இரண்டுமே திறந்த மூலம். பதினான்கு மெஷின் இரண்டுக்குமே தூசு. ஆயிரக்கணக்கான மெஷின்களில் ஓடுபவை. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்த ஸ்லர்ம், இன்று உலகின் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் வேலை பிரித்துக் கொடுக்கிறது. ஜெனீவா பக்கத்து செர்னிலும், ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோவிலும் காண்டர் ஓடுகிறது. யாரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை.

மெஷின் கூட்டத்தை நிர்வகிக்கும் இன்னொரு பிரபல மென்பொருளான குபர்னெட்டீஸை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. பார்த்தோம். ஒரு மெஷினைச் சேர்க்க ஒரு டோக்கனும் (அனுமதிச் சாவி) ஒரு கட்டளையும் போதும். அந்த டோக்கன் இயல்பாக 24 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும் என்பதை நினைவில் வைத்தால் சரி. மெஷினை எடுக்க, அதைக் காலிசெய்யும் 'ட்ரெயின்' (drain) கட்டளை இருக்கிறது. ஆனால் அது அடிப்படையில் ஓயாமல் ஓடும் சேவைகளுக்கான வீடு. ஓரிடத்தில் விழுந்தால் இன்னோரிடத்தில் அதே மாதிரி ஒன்றை எழுப்பிவிடும். ஒன்றரை மணி நேரம் உழைத்து ஒரு விடையைத் தந்துவிட்டு ஓயும் ஜாபுக்கு வரிசையும் முன்னுரிமையும் வேண்டுமென்றால் மேலே இன்னொரு கூரை போட வேண்டும். 8 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப்பில் அத்தனை கூரையா? விட்டுவிட்டோம்.

சேர்ப்பது

சேர்ப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அதில் அத்தனை விஷயம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஸ்லர்ம் பழைய பாணியில் ஒரு ரேஷன் கடைப் பதிவேடு மாதிரி. எந்த மெஷின், அதில் எத்தனை சிபியு, எவ்வளவு மெமரி என்று எல்லாம் ஒரு கோப்பில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கோப்பு எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். புதிதாக ஒன்று வந்தால் கோப்பைத் திருத்தி, எல்லா இடத்துக்கும் அனுப்பி, கட்டுப்பாட்டு டீமனை (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்) நிறுத்தித் திரும்ப எழுப்ப வேண்டும். உபுண்டு 22.04-இல் இயல்பாக வருவது ஸ்லர்ம் 21.08, நாங்கள் ஆரம்பித்தது அதில்தான், ஆகவே இந்தச் சடங்கு முழுவதையும் செய்திருக்கிறோம். 2022 மே மாதம் வந்த 22.05 பதிப்பிலிருந்து நிலைமை மாறிவிட்டது. மொத்தம் எத்தனை மெஷின் வரலாம் என்று உச்ச எண்ணிக்கையை மட்டும் முதலிலேயே சொல்லிவைத்தால் போதும். வருகிற மெஷின் தன் டீமனை '-Z' (பெரிய இசட்) என்ற குறியோடு துவக்கினால், "நான் வந்துவிட்டேன், என்னிடம் இத்தனை கோர்" என்று தானே பதிந்துகொள்ளும். போகும்போது 'எஸ்கன்ட்ரோல் டெலீட்'. நன்றாகவே வேலை செய்கிறது. அதில் ஜாப் எதுவும் ஓடாமல் இருந்தால்தான் நீக்க முடியும், நியாயம்தான்.

காண்டரில் பதிவேடே கிடையாது. மெஷினில் மென்பொருளைப் போட்டு, மைய மெஷினின் முகவரியைக் கொடுத்து, ஒரு டோக்கன் கோப்பை வைத்துவிட்டால் அது தானே விளம்பரம் கொடுக்க ஆரம்பிக்கும். விளம்பரம் என்பது என் உவமை இல்லை, அவர்கள் வைத்திருக்கும் பெயரே அதுதான். "நான்கு கோர், 8 ஜிபி, கீபோர்டைத் தொட்டு இருபது நிமிடம் ஆகிறது, ஜாப் இருந்தால் அனுப்பலாம்" என்று இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்வதை நிறுத்தினால் பதினைந்து நிமிடத்தில் மையம் அதை மறந்துவிடும். வரன் பார்ப்பது போலத்தான்: ஜாப் தன் தேவையைச் சொல்லும், மெஷின் தன் நிபந்தனையைச் சொல்லும், இரண்டும் ஒத்துப்போனால் சேர்த்துவைப்பார்கள்.

முதல் மெஷினைச் சேர்க்க ஸ்லர்மில் அரை நாள் ஆனது, காண்டரில் ஒரு நாள். பத்தாவது மெஷினுக்கு இரண்டிலும் பத்து நிமிடம்தான். சேர்ப்பதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எடுப்பது

வீட்டுக்கு வந்த விருந்தாளி மூன்று விதமாகக் கிளம்பலாம். சொல்லிக்கொண்டு போகலாம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகலாம். சொல்லாமலே போய்விடலாம். மெஷினும் அப்படித்தான். சொல்லிக்கொண்டு போகும் மெஷினை எந்த மென்பொருளும் கையாளும். மற்ற இரண்டில்தான் வித்தியாசமே.

சொல்லிக்கொண்டு போவதற்கு ஸ்லர்மில் 'ட்ரெயின்' நிலை. ஓடும் ஜாப் முடியும்வரை ஓடும், புதிது வராது, முடிந்ததும் மெஷின் விடுபடும். காண்டரில் 'ஆஃப்' கட்டளைக்கு மூன்று குணம் உண்டு: ஜாப் முடியும்வரை காத்திருக்கும் சாந்தம், கொஞ்சம் அவகாசம் கொடுத்து வெளியேற்றும் மரியாதை, உடனே அறுத்துவிடும் வேகம். இதில் பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் எங்கள் மெஷின்கள் சொல்லிக்கொண்டா போகும்? ஒன்பதரைக்கு வகுப்பு என்றால் ஒன்பதுக்கே வந்து உட்காரும் பிள்ளை உண்டு. ஸ்லர்மில் நாங்கள் முதலில் செய்தது நேரத்தை நம்புவது: மாலை 5.45-க்கு மெஷின்களைத் திறந்துவிடு, காலை ஒன்பதுக்கு மூடு. ஒன்பதுக்கு ட்ரெயின் போட்டால், 8.50-க்குத் தொடங்கிய ஜாப் 10.20 வரை உட்கார்ந்திருக்கும். சரி, ஒன்பதுக்கு மேல் மெஷின் கிடைக்காது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் தினசரி முன்பதிவு ஒன்றைப் போட்டோம். ஸ்லர்ம் கெட்டிக்காரத்தனமாக, ஒன்பதுக்குள் முடியாது என்று தெரிந்த ஜாபைத் தொடங்கவே தொடங்காது. ஒன்றரை மணி நேர ஜாப் என்பதால் ஏழரைக்கு மேல் எதுவும் தொடங்காது. பத்து மெஷின், ஒன்றரை மணி நேரம்: தினமும் பதினைந்து மெஷின்-மணி வரை சும்மா போனது. அதாவது பத்துத் துண்டு.

இதைவிட எரிச்சல், மழை விடுமுறை. வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கத்துச் சரிவைத்தான் பதம் பார்க்கும். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த மாவட்டம் இது. வானம் கறுத்தாலே கலெக்டர் விடுமுறை அறிவித்துவிடுவார், அது சரியும்கூட. அன்றைக்குக் கீழே ஒரு பிள்ளை கிடையாது. பத்து மெஷினும் பகல் முழுக்கக் காலி. ஆனால் எங்கள் கடிகாரத்துக்கு விடுமுறை தெரியாது. ஒன்பது மணிக்கு ஒழுங்காகக் கதவைச் சாத்திவிடும். அப்படி ஒரு நாள் நான் மாடியில் உட்கார்ந்து, நான்கு மெஷின் மூச்சு வாங்குவதையும் கீழே பத்து மெஷின் தூங்குவதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரத்தை விட்டுவிட்டுக் கீபோர்டைப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஸ்லர்மில் அதற்கு ஏற்பாடு இல்லை. ஒரு ஜாபை இன்னொரு ஜாபுக்காக இடத்தைவிட்டு எழுப்பிவிடுவது அதற்குத் தெரியும். ஒரு மனிதருக்காக எழுப்பிவிடுவது தெரியாது. நாங்களே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். மைய மெஷினிலிருந்து ஒவ்வொரு டெஸ்க்டாப்பாக எட்டிப் பார்த்து, யாராவது உட்கார்ந்திருந்தால் ட்ரெயின் போட்டு, ஜாபைத் திரும்ப வரிசையில் தள்ளும். அறுபது வரியில் ஆரம்பித்து இருநூறு வரியில் நின்றது. வாரம் ஒரு புது விதிவிலக்கு வரும். ஒரு கட்டத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று யோசித்தேன்: காண்டர் ஏற்கெனவே செய்துவைத்திருப்பதைக் கோணலாகத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தோம்.

காண்டர் 1988-இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் பிறந்ததே இதற்காகத்தான். ஆளாளுக்கு மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், பாதி நேரம் சும்மா, அந்தச் சும்மாவை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சொந்தக்காரர் வந்தால் உடனே விலக வேண்டும். (காண்டர் என்பது அமெரிக்கக் கண்டத்துப் பாறுக் கழுகு. மாயாறு பள்ளத்தாக்கில் நம் ஊர்ப் பாறுகள் இன்னும் வட்டமடிப்பதால், இந்தப் பெயர் எனக்கு முதலிலிருந்தே பிடித்துவிட்டது. முன்னால் இருக்கும் எச்டி 2012-இல் ஒட்டிக்கொண்டது.)

அதனால் 'மெஷின் யாருடையது' என்ற கேள்விக்கு இரண்டும் தரும் விடையே வேறு. ஸ்லர்முக்கு மெஷின் கிளஸ்டருடையது, அதாவது மெஷின் கூட்டத்துடையது. அது போவது ஒரு கோளாறு. காண்டருக்கு மெஷின் வேறு யாருடையதோ. அது இருப்பதுதான் சலுகை. காண்டரில் மேஜைக் கம்ப்யூட்டருக்கென்றே ஒரு கொள்கை தயாராக இருக்கிறது, கான்ஃபிக் கோப்பில் ஒரே வரி. பதினைந்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் ஜாப் தொடங்கும். யாராவது தொட்டால் ஜாபை அப்படியே நிறுத்திவைக்கும், கொல்லாது. தொட்டவர் மணி பார்த்துவிட்டுப் போய்விட்டால், ஐந்து நிமிட அமைதிக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். உட்கார்ந்தே விட்டால், பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்து, ஜாபை வெளியேற்றி வேறு மெஷினுக்கு வரிசை போடும். அக்கா சொன்ன வாக்கியத்தை யாரோ முப்பது வருடத்துக்கு முன்பே கேட்டு எழுதிவைத்த மாதிரி இருந்தது. மழை விடுமுறையில் கீபோர்டு அசையாது, ஆகவே பத்து மெஷினும் பகலிலும் ஓடும். யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

முதல் வாரமே ஒரு சறுக்கல் நடந்தது, அதையும் சொல்கிறேன். காலை பத்து மணி இருக்கும், அக்கா மாடிப்படி ஏறி வந்தார். "தம்பி, மூணாம் நம்பர் மெஷின் மிக்ஸி மாதிரி கத்துது. மவுஸை இழுத்தா அது யோசிச்சு யோசிச்சு வருது." போய்ப் பார்த்தால், ஒரு பெண் பாவம் எக்செல் மாதிரி ஒன்றில் கூட்டல் போட்டுக்கொண்டிருக்கிறாள், அடியில் எங்கள் ஜாப் நான்கு கோரையும் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அவள் அரை மணி நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தும் காண்டருக்கு அது தெரியவில்லை. காரணம் எங்கள் அரைகுறை நிறுவல். யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ் அசைவை அது தானாகக் கண்டுபிடித்துவிடும் என்று நம்பக்கூடாது. திரையமைப்பைக் கவனிக்கும் 'கேபிடிடி' என்ற சின்னத் துணை டீமனையும் ஓடவிட வேண்டும். கையேட்டில் இருக்கிறது, நாங்கள் படிக்கவில்லை. அதைப் போட்ட பிறகு, மவுஸை அசைத்த சில நொடிகளில் ஃபேன் இறங்குவதைக் காதால் கேட்கலாம். அக்கா இப்போது அதையே சோதனையாக வைத்திருக்கிறார்.

சொல்லாமல் போவது

இந்த மாவட்டம் 1932-லேயே பைக்காராவில் தண்ணீரிலிருந்து கரண்ட் எடுத்தது. ஆனாலும் ராத்திரி காற்றில் ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்தால் எங்கள் தெரு இருட்டுதான். மாடி மெஷின்களுக்கு யுபிஎஸ் உண்டு. கீழே உள்ளவற்றுக்கு, வகுப்புக்குப் போதுமான சின்ன பேட்டரி. நான்கு கோரும் முழு மூச்சில் ஓடினால் ஆறு நிமிடம்கூட நிற்காது.

ஸ்லர்ம் காலத்தில் ஓர் ஐப்பசி இரவு, மூன்று மணிக்குக் கரண்ட் போய், முக்கால் மணி நேரத்தில் வந்தது. மெஷின்கள் தானாக எழுந்துவிட்டன. பயாஸில் அப்படி வைத்திருந்தோம். நான் ஆறு மணிக்கு எழுந்து, மெஷின்களின் நிலையைக் காட்டும் 'எஸ்இன்ஃபோ' கட்டளையைப் போட்டுப் பார்த்தால், கீழே இருந்த பத்தும் 'டவுன்'. காரணம் என்ற இடத்தில் "எதிர்பாராமல் ரீபூட் ஆகியிருக்கிறது" என்று ஆங்கிலத்தில் புகார். மெஷின் உயிரோடு இருக்கிறது, டீமன் ஓடுகிறது, ஆனால் நிர்வாகி வந்து கையெழுத்துப் போட்டால்தான் வேலை கொடுப்பேன் என்கிறது. மழைக்கு நனைந்து வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவைத்த மாதிரி. அறுந்துபோன ஜாப்களை வரிசையில் திரும்பச் சேர்த்திருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓட மாடியின் நான்கு மெஷின்தான்.

இதற்கும் மருந்து உண்டு. 'ரிட்டர்ன் டு சர்வீஸ்' என்ற அமைப்பை 2 என்று வைத்தால், எந்தக் காரணத்தால் டவுன் ஆன மெஷினும் ஒழுங்காகப் பதிந்துகொண்டதும் சேர்த்துக்கொள்ளும். இயல்பு நிலை 0. 1 வைத்தாலும் ரீபூட் ஆன மெஷினை மன்னிக்காது. நாங்கள் 1-ஐ வைத்துவிட்டு ஒரு மாதம் ஏமாந்தோம். பெரிய மையங்களில் இந்தச் சந்தேகப் புத்தி தேவைதான். காரணமில்லாமல் ரீபூட் ஆன சர்வருக்கு உடனே வேலை கொடுத்தால் அடுத்த ஜாபையும் கெடுக்கும். எங்களுக்குக் காரணம் தெரியும்: கற்பூர மரம்.

2 வைத்த பிறகும் இரண்டு மெஷின் வரவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில், அவற்றின் மதர்போர்டில் இருந்த நாணய பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போனால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். ஸ்லர்ம் அடையாளம் சரிபார்க்க மஞ்ச் என்ற மென்பொருளை நம்புகிறது. அதற்கு இரு பக்கக் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்குள் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் கதவு திறக்காது. நேரத்தைச் சரிசெய்யும் சேவை முதலில், ஸ்லர்ம் அப்புறம் என்று வரிசை மாற்றினோம், பேட்டரியும் மாற்றினோம். இது ஸ்லர்மின் குற்றம் இல்லை, காண்டருக்கு மாறியிருந்தாலும் பேட்டரியை மாற்றத்தான் சொல்லியிருப்பேன்.

காண்டரில் அதே மாதிரி இரவுகள் இதுவரை ஏழெட்டு வந்திருக்கின்றன. மெஷின் எழும், விளம்பரம் கொடுக்கும், ஜாப் வாங்கிக்கொள்ளும். காலையில் பதிவேட்டைப் பார்த்தால்தான் இரவில் கரண்ட் போனதே தெரியும். ஒரே குறை, மெஷின் போனது போனதாகவே இருந்தால் காண்டர் உடனே கைவிடாது. ஜாபுக்கும் மெஷினுக்கும் உள்ள குத்தகை இயல்பாக 40 நிமிடம்; அதுவரை "வந்துவிடும், வந்துவிடும்" என்று காத்திருக்கும். ஸ்லர்ம் ஐந்து நிமிடத்தில் முடிவுகட்டிவிடும். ஆனால் இந்தப் பொறுமை ஒருமுறை எங்களைக் காப்பாற்றியது. காலையில் கூட்டிப் பெருக்க வந்த அம்மா நெட்வொர்க் சுவிட்சின் ப்ளக்கைப் பிடுங்கி, இருபது நிமிடம் கழித்துத் திரும்பச் சொருகினார். மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, பேச்சு மட்டும் நின்றிருந்தது. காண்டர் ஒட்டிக்கொண்டு தொடர்ந்தது, ஒரு ஜாபும் போகவில்லை. வரைபடம் அன்று மதியமே போய்ச் சேர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் குத்தகையைக் குறைக்கவே இல்லை.

இழப்பைக் குறைப்பது இன்னொரு பகுதி. நிறுத்திவைத்த ஜாபை வெளியேற்றினால், வேறு மெஷினில் முதலிலிருந்துதான் தொடங்கும். ஒரு மணி இருபது நிமிடம் ஓடிய ஜாபுக்கு அது கொடுமை. படங்களை ஒட்ட நாங்கள் பயன்படுத்தும் ஓப்பன்ட்ரோன்மேப் மென்பொருள் படிப்படியாக வேலை செய்வது. எந்தப் படியோடு நிற்க வேண்டும், எதிலிருந்து தொடர வேண்டும் என்று சொல்ல முடியும். அதை ஒரு சின்ன உறை ஸ்கிரிப்டுக்குள் போட்டோம். ஒவ்வொரு படி முடிந்ததும் உறை 85 என்ற எண்ணோடு வெளியேறும். ஜாப் கோப்பில் அந்த எண்ணைச் சொல்லிவைத்திருக்கிறோம். காண்டர் அதைப் பார்த்ததும் "முடியவில்லை, சேமிக்கச் சொல்கிறது" என்று புரிந்துகொண்டு, இதுவரை செய்ததை மையத்துக்கு நகலெடுத்துவிட்டு ஜாபைத் தொடரவிடும். இப்போது ஒரு பிள்ளை உட்கார்ந்தால் போவது அதிகபட்சம் ஒரு படி.

ஸ்லர்மிலும் இதைச் செய்யலாம், செய்தோம். அங்கே எல்லாக் கோப்பும், நெட்வொர்க் வழியாக எல்லா மெஷினும் படிக்கும் பொதுவான என்எஃப்எஸ் சர்வரில் இருந்தன, ஆகவே நகலெடுக்கும் வேலையே இல்லை. ஆனால் அந்த ஒரு சர்வர் தடுமாறினால் பத்து மெஷினும் உறைந்து நிற்கும்; அந்தச் சமயம் பார்த்து யாராவது உட்கார்ந்தால் ஜாபைக் கொல்லவும் முடியாது. காண்டர் கோப்பைத் தானே கொண்டுபோய்க் கொண்டுவரும். 100 எம்பி சுவிட்சில் 2 ஜிபி போக மூன்று நிமிடம் ஆகிறது. பத்து மெஷினும் ஒரே நேரத்தில் கேட்டால் அரை மணி நேரம். சுவிட்சை ஜிகாபிட்டுக்கு மாற்றினோம், அதுதான் இந்த மொத்த ஏற்பாட்டில் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரே பெரிய பொருள்.

காண்டரின் குறைகள்

பதிவேடு இல்லை என்று மேலே புகழ்ந்தேன். அதன் மறுபக்கம்: ஒரு மெஷின் காணாமல் போனால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஏழாம் நம்பரின் கேபிளை எலி கடித்துவிட்டது. வகுப்பில் அதற்கு இணையம் தேவைப்படவில்லை, பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. காண்டர் பதினைந்து நிமிடத்தில் மறந்துவிட்டது. நான் கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆனது. ஸ்லர்மாக இருந்தால் முதல் நாளே 'டவுன்' என்று காட்டியிருக்கும். இப்போது பத்துப் பெயரை ஒரு கோப்பில் எழுதி, தினமும் மாலை ஆறுக்கு ஒப்பிட்டு, இல்லாததைத் தொலைபேசிக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. பதிவேடு வேண்டாம் என்று வந்தவன் பதிவேடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"ஏன் என் ஜாப் ஓடவில்லை" என்ற கேள்விக்கு ஸ்லர்ம் ஒரு சொல்லில் பதில் தரும். காண்டரில் அலசல் கட்டளை ஒரு பக்கம் எழுதும், அதில் விடை எங்கேயோ இருக்கும். கான்ஃபிக் மொழியும் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி, ஸ்லர்ம் கற்றிருந்தால் வேலை தேடும்போது உதவும் என்று முகத்துக்கு நேராகவே சொன்னான். தப்பில்லை; நம் நாட்டுப் பரம் வரிசை சூப்பர் கம்ப்யூட்டர்களில் கணக்குத் திறப்பவர் முதலில் கற்பது ஸ்லர்ம் கட்டளைகளைத்தான்.

உங்கள் ஜாப் ஒன்றே பல மெஷின்களில் பரவி, எம்பிஐ (மெஷின்களுக்கு இடையே செய்தி அனுப்பும் முறை) வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொண்டு ஓடுவதாக இருந்தால், இதுவரை படித்ததை மறந்துவிடுங்கள். அதில் ஒரு மெஷின் எழுந்து போனால் சாதாரணமாக மொத்த ஜாபும் விழும். அதற்கு வந்து போகும் மெஷினே ஆகாது. போகாத மெஷினும் ஸ்லர்மும்தான் சரி. காண்டரிலும் இணை ஜாபுக்கு வழி உண்டு, ஆனால் அதற்கென்று மெஷின்களை ஒதுக்கிவைக்க வேண்டும், சுற்றி வளைத்த வேலை. ஜிபியு விஷயத்தில் என் அனுபவம் மாடியில் இருக்கும் ஒரே ஒரு கார்டோடு முடிகிறது. பதினான்கு மெஷினுக்கு மேல் நான் எதையும் ஓட்டியதும் இல்லை. உங்களிடம் நூறு மெஷின், ஐம்பது பேர், பங்குச் சண்டை என்றால் என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

மெஷின்களை இரவில் எழுப்புவது பற்றிக் கேட்பவர்களுக்கு: வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஒழுக்கமாக ஷட்டவுன் செய்துவிடுவார்கள், அக்காவின் பயிற்சி அப்படி. காண்டரில் இதற்கென்றே சேவல் என்று பொருள்படும் 'ரூஸ்டர்' டீமன் இருக்கிறது. ஸ்லர்மிலும் மின் சேமிப்பு ஏற்பாடு நன்றாகவே உண்டு. நாங்கள் இரண்டையும் தொடாமல், 5.45-க்கு நெட்வொர்க் வழியாக எழுப்பும் சாதாரணக் கட்டளையை வைத்திருக்கிறோம். போதுமானதாக இருக்கிறது.

ஜூனில் அக்கா இன்னும் ஆறு மெஷின் வாங்குகிறார். ஆறுக்கும் டோக்கன் போட்டு வைத்துவிட்டேன், கேபிடிடி இந்த முறை முதலிலேயே. கேபிளை எலிக்கு எட்டாமல் குழாய்க்குள் விடச் சொல்லி எலக்ட்ரீஷியன் அண்ணனிடமும் சொல்லியாயிற்று. மழைக்கு முன்னால் வருகிறேன் என்றிருக்கிறார்.